கண்ணாடி டீப்பாட்டில் இலைத் தேயிலை: ஐஸ்பெட்டிக் கதவுக் குறிப்புகள்

600 மில்லி பிடிக்கிற கண்ணாடி டீப்பாட் ஒன்றை வாங்கி, பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் பிளாட்டில் சில மாதங்களாக இலைத் தேயிலை போட்டுப் பார்த்து வருகிறேன். அதுவரை பொட்டலத் தூளும் தேநீர்ப் பைகளும் மட்டுமே புழங்கிய வீடு. எந்த இலைக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், குடுவையில் எது தொல்லை கொடுத்தது, அதை எப்படிச் சரிசெய்தேன் என்று ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் குறித்து வந்தேன். தாளில் இப்போது இடமில்லை. அதிலிருந்தவற்றைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் குடுவை. கடையில் வரிசையாக நின்றவற்றில் எது கொதிநீர் தாங்கும், எது தாங்காது என்று முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. விளிம்பைப் பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். சாதாரண சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி என்றால் தடித்த ஓரத்தில் பச்சைச் சாயல் ஓடும். போரோசிலிக்கேட் கண்ணாடியில் அநேகமாக நிறமே இருக்காது. சுவரும் மெல்லியதாக, எடையும் குறைவாக இருக்கும். இது உறுதியான சோதனை இல்லை, ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதோடு சேர்த்துப் பார்த்தால் போதும். மணலோடு போரான் ஆக்சைடு சேர்த்து உருக்கும் இந்தக் கண்ணாடியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் உருவாக்கினார். ஒரு டிகிரி சூடேறினால் இது தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 3.3 பங்குதான் விரியும். சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 9 பங்கு விரியும். கொதிநீரை ஊற்றியதும் உட்புறம் சட்டென்று விரிகிறது, வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே நிற்கிறது. அந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது. விரிவே குறைவு என்றால் இழுபறியும் குறைவு.

அதற்காக எதையும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த குடுவையில் நேரே கொதிநீர் ஊற்றுவதில்லை. சூடான குடுவையை ஈரமான சிங்க்கில் வைப்பதில்லை. அடியில் ஒரு மடித்த துணி, இல்லையென்றால் மரப்பலகை. அடுப்பில் வைக்கலாம் என்று சில குடுவைகளில் எழுதியிருக்கிறது. என்னுடையதில் அப்படி எதுவும் இல்லை, அதனால் வைத்ததில்லை. இண்டக்‌ஷன் அடுப்பில் வெறும் கண்ணாடி எப்படியும் சூடாகாது. தண்ணீர் கொதிக்க எலக்ட்ரிக் கெட்டில் இருக்கும்போது குடுவையை ஏன் நெருப்புக்குக் காட்ட வேண்டும் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

குடுவையோடு எவர்சில்வர் வலைக்கூடு ஒன்று வந்தது, விரல் நீளம், இரண்டு விரல் அகலம். உடைந்த இலைத் தேயிலைக்கு அது பரவாயில்லை. முழு இலைக்கு உதவாது. கறுப்புக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட ஊலோங் தேயிலையின் உருட்டிய இலை ஊறினால் பல மடங்கு பெருகும். கூட்டுக்குள் அது நெருக்கியடித்து நின்றுவிடும், நடுவில் இருக்கும் இலைக்குத் தண்ணீரே சரியாகப் போய்ச் சேராது. நான் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். மூக்கின் அடியில் செருகும் சின்னச் சுருள்கம்பி வடிகட்டி இணையக் கடைகளில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. மூக்கின் உள்விட்டத்தை அளந்து பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது இலை குடுவைக்குள் சுதந்திரமாக மிதக்கிறது. நேரம் ஆனதும் முழுவதையும் இன்னொரு கண்ணாடி ஜக்கில் வடித்துவிடுகிறேன். கடைசிச் சொட்டு வரை வடிப்பது முக்கியம். இலையோடு தண்ணீர் மிச்சம் நின்றால் அது ஊறிக்கொண்டே இருக்கும், இரண்டாவது கோப்பை வாயைக் கட்டும்.

மூடி மூங்கில். உள்ளே சிலிக்கோன் வளையம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இந்த ஊர் ஈரக்காற்றுக்கும் அடியிலிருந்து ஏறும் ஆவிக்கும் நடுவில் மூங்கில் காய நேரமே கிடைப்பதில்லை. வளையத்தைக் கழற்றிப் பார்த்தபோது அடியில் கரும்புள்ளிகள். பூஞ்சணம்தான். வினிகரில் துடைத்து வெயிலில் வைத்தேன், திரும்பவும் வந்தது. கடைசியில் அதே விட்டத்துக்குக் கண்ணாடி மூடி ஒன்று தேடிப் பிடித்து மாற்றிவிட்டேன். புதிதாக வாங்குகிறவர்கள் முதலிலேயே கண்ணாடி மூடியாகப் பார்த்து வாங்குங்கள். ஆவி போக மூடியில் சின்ன ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஊற்றும்போது காற்று உள்ளே போக வழியின்றித் தேநீர் விக்கி விக்கி வரும்.

அடுத்த தொல்லை ஒழுகல். மெதுவாக ஊற்றினால் தேநீர் கோப்பைக்குப் போகாமல் மூக்கின் அடிப்பக்கமாக வழிந்து மேசைக்குப் போய்விடும். இது பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். ஜோசஃப் கெல்லர் என்ற கணித அறிஞர் 1957இலேயே இதை ஆராய்ந்தார். ஒழுகாத மூக்கைக் கணக்கிட்டதற்காக அவருக்கும் ஜான்-மார்க் வாண்டன்-பிரூக்குக்கும் 1999இல் இக்நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. அடுப்படிக்கு வேண்டிய சாரம் இது: ஓட்டம் மெதுவாக இருந்தால் திரவம் விளிம்பைச் சுற்றி வளைந்து கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்கிறது. வேகமாக ஊற்றினால் பிய்த்துக்கொண்டு நேரே விழும். விளிம்பு கூராக இருந்தாலும், தண்ணீர் ஒட்டாத பரப்பாக இருந்தாலும் ஒழுகல் குறையும். என் குடுவையின் மூக்கு நுனி மழமழவென்று உருண்டையாக இருக்கிறது. அரத்தால் தேய்த்துக் கூராக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மெல்லிய கண்ணாடி, அந்த யோசனையை அங்கேயே விட்டேன். பதிலாக நுனியின் அடிப்பக்கத்தில் மட்டும் சுண்டுவிரலால் துளி தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒழுகல் அநேகமாக நின்றுவிட்டது. கழுவக் கழுவ எண்ணெய் போய்விடும், திரும்பத் தடவ வேண்டும். அதைவிட, தயங்காமல் ஒரே சாய்ப்பில் ஊற்றப் பழகியதுதான் அதிகம் பலன் தந்தது.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பினாங்குக் குழாய்த் தண்ணீரின் பெரும்பகுதி கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. எங்கள் கெட்டிலில் வெள்ளைப் படிவு அநேகமாகப் பிடிப்பதே இல்லை, அதாவது சுண்ணாம்பு குறைந்த மென்நீர். தேநீருக்கு அது நல்லது. கடினநீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து தேநீர் மேல் ஆடைபோல் ஒரு படலம் கட்டும். நிறமும் மங்கிக் கறுக்கும். இங்கே அந்தக் கவலை இல்லை. சில நாள் குளோரின் வாடை தூக்கலாக இருக்கும். அப்போது முதல் நாள் இரவே திறந்த பாத்திரத்தில் பிடித்து வைத்துவிடுகிறேன். விலை கொடுத்துப் போத்தல் தண்ணீர் வாங்கிப் பார்த்ததில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சூடுதான் நான் நினைத்ததைவிடப் பெரிய சமாச்சாரமாக இருந்தது. கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது, மனைவி கேக் செய்ய வாங்கியது. கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் 100 காட்டியது. கடல் மட்டத்து ஊர் என்பதால் அது சரி. அறைச் சூட்டில் இருந்த வெறும் குடுவையில் அரை லிட்டர் கொதிநீரை ஊற்றி மூடியதும் பார்த்தேன்: 89. ஊற்றுகிற வேகத்திலேயே பதினோரு டிகிரி போய்விட்டது. நான்கு நிமிடம் கழித்து 83. அதே குடுவையில் முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றி, சுற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, பிறகு புதுக் கொதிநீர் ஊற்றினால் தொடக்கத்தில் 95, நான்கு நிமிடத்தில் 88. கறுப்புத் தேயிலைக்கு இந்த வித்தியாசம் நாக்கில் தெரிகிறது. சூடேற்றாத குடுவையில் போட்டது சப்பென்று, பாதி வெந்த சாயம். குடுவையை வெறும் கொதிநீரால் கழுவும் வேலையைச் சம்பிரதாயம் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கண்ணாடிக் குடுவையில் அதை விடக் கூடாது. மெல்லிய சுவர், சூட்டைப் பிடித்து வைக்காது. குறைவாகத் தண்ணீர் ஊற்றும்போது நிலைமை இன்னும் மோசம்: சூட்டைத் திருடும் கண்ணாடி அதேதான், திருட்டுக் கொடுக்கும் தண்ணீர்தான் பாதி.

இதையே பச்சைத் தேயிலைக்குத் திருப்பிப் பயன்படுத்தலாம். அதற்கு 80 டிகிரி போதும். கொதிநீரை முதலில் ஜக்கில் ஊற்றி, அங்கிருந்து சூடேற்றாத குடுவைக்கு மாற்றினால் 80, 82இல் வந்து நிற்கிறது. தெர்மோமீட்டர் எடுக்காமலே சரியாக வரும்.

இனி இலை. நான் தொடங்கியது கேமரன் மலைத் தேயிலையில். பக்கத்து ஊர்ப் பொருள், சீக்கிரம் கைக்கு வருகிறது. 1885இல் வில்லியம் கேமரன் அளந்த மலை. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் அங்கே தொடங்கியதுதான் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டம். அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்த கைகளில் நம்மவர் கைகள் எத்தனை என்று மலேசியத் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளுக்கு அதிகம் வருவது அதன் தூள்தான். முழு இலையாக வருவதைத் தேடி வாங்க வேண்டும். அரை லிட்டருக்கு 6 கிராம், சூடேற்றிய குடுவை, மூன்றரை நிமிடம். இதுதான் எனக்கு ஒத்துவந்த கணக்கு. அந்த மலை 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே இந்த இலைக்கு 95 போதுமா என்று யாராவது கேட்டால், அது விளைகிற ஊரில் அதற்குமேல் கிடைக்கவே கிடைக்காது என்று பதில் சொல்கிறேன்.

கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசு வையுங்கள். உடைந்த இலை ஒரு தேக்கரண்டி இரண்டரை கிராம் வரை வரும். முறுக்கிய நீள இலை அதே கரண்டியில் பாதிகூட இருக்காது. உருட்டிய ஊலோங் உடைந்த இலையைவிடவும் கனம்.

முதல் கோப்பையை அம்மாவுக்குக் கொடுத்தேன். கோப்பைக்குள் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, சட்டி கழுவுன தண்ணி மாதிரி இருக்கு?” என்றார். அம்மா பாலும் சீனியும் போட்டுக் குடிப்பவர், அவருக்குச் சாயம் என்றால் கறுக்க வேண்டும். அதில் தப்பும் இல்லை. பாலில் இருக்கும் கேசின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். தூளைப் போட்டுக் கெட்டியாக இறக்கினால்தான் பாலையும் மீறித் தேயிலை வாசம் நிற்கும். இழுத்து ஆற்றும் பால் டீயான தே தாரிக்குக்கு இந்தக் குடுவை தேவையில்லை, துணிவடிகட்டியும் தூளும்தான் சரி. எங்கள் வீட்டில் அதுவும் தொடர்கிறது.

ஆனால் அந்தப் பழக்கம் கண்ணுக்குள் உட்கார்ந்துவிடுகிறது. பால் டீ குடித்து வளர்ந்த நாம் நிறத்தைப் பார்த்துத்தான் இறக்குவோம். கண்ணாடிக் குடுவையோ நிறத்தை மட்டுமே கண்முன் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கேதான் சிக்கல். குடுவையின் வயிறு பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலம், கோப்பையில் தேநீரின் ஆழம் ஐந்துதான். அதே தேநீர் குடுவையில் கறுப்பாகவும் கோப்பையில் வெளிறியும் தெரியும், ஏனென்றால் வெளிச்சம் கடந்து வரும் தூரம் வேறு. “ஆகிவிட்டது” என்று குடுவை சொல்லும்போது பாதிதான் ஆகியிருக்கும்.

பச்சைத் தேயிலையில் இதற்கு நேர் எதிர். “என்னங்க, இன்னும் வெளிறித்தானே இருக்கு, கொஞ்ச நேரம் விடுங்க” என்றாள் மனைவி. விட்டோம். ஆறு நிமிடத்திலும் இளமஞ்சளாகவே நின்றது. குடித்தால் வாய் சுருங்கியது. காரணம் எளிது. கறுப்புத் தேயிலையின் நிறம் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற பொருள்களால் வருவது. கொழுந்தை நசுக்கிக் காற்றில் விடும்போது அதிலுள்ள கேட்டகின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து அவையாக மாறுகின்றன. பச்சைத் தேயிலையில் அந்த மாற்றம் நடக்க விடாமல் முன்பே சூடு காட்டி நிறுத்திவிடுகிறார்கள். கேட்டகின்கள் அப்படியே இருக்கின்றன: துவர்ப்பு உண்டு, நிறம் இல்லை. எவ்வளவு முற்றினாலும் கண்ணுக்குக் காட்டாது. அரை லிட்டருக்கு 5 கிராம், 80 டிகிரி, இரண்டு நிமிடம். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட நான் விடுவதில்லை.

மறுபக்கம் லியூபாவ். சீனாவின் குவாங்சி மாநிலத்து வூசோவ் பக்கத்துத் தேயிலை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்தது. நொதிக்க வைத்துப் பல ஆண்டுகள் பழக விட்ட இலை, மண் வாசம், கொஞ்சம் பாக்கு வாசமும் உண்டு. கொதிநீர் பட்ட அரை நிமிடத்தில் குடுவை இருண்டுவிடும். பயந்து உடனே வடித்தால் ஒன்றுமே இருக்காது. முதல் நீரைக் கொட்டிவிட்டு, நன்கு கொதித்த நீரில் மூன்று நான்கு நிமிடம் விட்டால்தான் அந்த மழமழப்பு வருகிறது, அப்போதும் கசக்காது. அம்மாவுக்குப் பிடித்த ஒரே பாலில்லாத தேநீர் இது. நிறம் திருப்தியாக இருந்தது காரணமா, சுவையா என்று நான் கேட்கவில்லை.

ஆக, நிறம் வெளிறியது கசக்கிறது, கறுத்தது சாதுவாக இருக்கிறது. பிறகு கண்ணாடியால் என்ன லாபம்? இலையைப் பார்க்கலாம். பீங்கானிலும் மண் குடுவையிலும் முடியாதது அது. உலர்ந்த இலை காற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் மேலே மிதக்கும். தண்ணீர் ஏற ஏற ஒவ்வொன்றாக இறங்கும். கேமரன் இலையில் பெரும்பகுதி அடியில் போய் உட்கார்ந்து, முறுக்கு அவிழ்ந்து, காம்பும் ஓரமும் பிரித்தறியத் தெரியும் நேரமும், கடிகாரத்தில் மூன்றரை நிமிடமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. ஒருநாள் தண்ணீர் போதிய சூடில்லை என்றால் அதே நேரத்தில் பாதி இலை மேலேயே நிற்கும். கடிகாரம் இதைச் சொல்லாது, இலை சொல்லும்.

இன்னொன்றும் தெரிகிறது. இலையிலிருந்து இறங்கும் சாயம் வெறும் தண்ணீரைவிடக் கனம், இழை இழையாகக் கீழே போகும். இலை முழுவதும் அடியில் உட்கார்ந்துவிட்டால் அடியில் அடர்த்தியான ஒரு அடுக்கும் மேலே வெளிறிய தண்ணீருமாக நிற்கும். அப்படியே விட்டால் இலையைச் சுற்றிய நீர் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் மேற்கொண்டு இறங்குவது மந்தமாகும். இரண்டாவது நிமிடத்தில் நீளக் கரண்டியால் ஒரு சுற்று, வடிப்பதற்கு முன் ஒரு சுற்று. மரக்கரண்டி நல்லது, கண்ணாடியில் கீறல் விழாது.

தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு தரநிலையே இருக்கிறது, 1980இல் வெளியானது: 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், ஆறு நிமிடம், வெள்ளைப் பீங்கான் பாத்திரம். குடிப்பதற்கு அது மிகக் கடுமை. ஒரு தேயிலைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள குறை நிறைகளை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அந்த அளவு. புதிதாக ஒரு தேயிலை வாங்கினால் ஒரு சின்னக் கோப்பையில் அந்தக் கணக்கில் போட்டு ஒரு மிடறு பார்ப்பேன். எங்கே கசப்பு எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்தால், குடிக்கும் அளவைப் பாதிக்குக் கொண்டுவருவது சுலபம்.

நான் அதிகம் ரசித்தது தியேகுவான்யின். ஃபூஜியான் மாநிலத்து அன்சி வட்டாரத்து ஊலோங். பினாங்குச் சீனர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் ஃபூஜியான் என்பதால் இங்கே இது அந்நியச் சரக்கில்லை. கேம்பல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய கடையில் 50 கிராம் வாங்கினேன். கடைக்கார அங்கிள் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, “ஜாங்ஙான் ரெண்டாம் லாமா” என்றார், ரொம்ப நேரம் ஊற வைக்காதே என்று. எவ்வளவு நேரம் என்றதற்குக் கையை மட்டும் ஆட்டினார், பதில் வரவில்லை.

அதற்கு நான் குடுவையைப் பாதிதான் நிரப்புகிறேன். 300 மில்லிக்கு 7 கிராம், நன்றாகச் சூடேற்றிய குடுவை. முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றி உடனே வடித்துவிட்டால் உருண்டை இளகத் தொடங்கும். அப்போது மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். மொத்த வேலையிலும் அந்த வாசம்தான் உச்சம், குடிப்பதுகூட அதற்குப் பிறகுதான். முதல் ஊறல் ஒரு நிமிடம். அதற்குள் உருண்டைகள் பாதி அவிழ்ந்திருக்கும். இரண்டாவதுக்கு முக்கால் நிமிடம் போதும், ஏனென்றால் இலை ஏற்கெனவே திறந்து தயாராக இருக்கிறது. மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் கூட்டிக்கொண்டு போகலாம். ஐந்தாவது ஊறலில் குடுவையின் பாதி உயரத்துக்கு இலை நிரம்பிவிடும். ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தால் முழு இலை, ஓரத்தில் சிவப்பு, நடுவில் பச்சை. ஓரத்தை மட்டும் குலுக்கிக் காயப்படுத்திப் பாதியில் நிறுத்திய ஆக்சிஜனேற்றம் இதுதான் என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். நல்ல இலைக்கும் மட்டமான இலைக்கும் வித்தியாசம் இங்கே அம்பலமாகும். கிழிசலும் காம்புமாக மிதந்தால் அடுத்த முறை வேறு கடை.

அதே கடையில் ஜொலிப்பான டப்பாவில் கட்டுப்பூ வைத்த மலரும் தேயிலையும் இருந்தது, வெந்நீரில் போட்டால் பூவாக விரியும். விருந்தாளிக்குக் காட்டலாம். குடிக்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறும் வேடிக்கையும் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். கேமரன் தேநீரில் லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை ஒன்றைப் பிழிந்தேன். செம்பழுப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொன்னிறமாக வெளிறியது. சாயம் குறையவில்லை; அமிலம் பட்டதும் தியாரூபிஜின் நிறம் மங்குகிறது, அவ்வளவுதான். துளி சமையல் சோடா போட்டால் திரும்பக் கறுக்கும். நிறத்தை நம்ப வேண்டாம் என்பதற்கு வீட்டில் இதைவிடச் சுலபமான நிரூபணம் இல்லை. கீழ்வீட்டு வேலியில் படர்ந்த சங்குப்பூவைப் பறித்து வந்து பிள்ளைகளும் இதே விளையாட்டை ஆடினார்கள்: நீலம், எலுமிச்சை பட்டால் ஊதா, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. அது தேயிலையே இல்லை, கஃபீனும் கிடையாது. இங்குள்ள சீன-மலாய்க் கலப்புச் சமையலான ஞோஞா பலகாரத்துக்கு நீலம் போடும் அதே பூ.

கறை. தினமும் போட்டால் ஒரு வாரத்தில் உட்சுவரில் பழுப்புப் பூச்சு தெரியும், மூக்கின் உள்ளே இன்னும் கூடுதலாக. இரும்பு நார் வேண்டவே வேண்டாம். நுண்ணிய கீறல் விழுந்தால் கறை அங்கேதான் முதலில் பிடிக்கும், விரிசலும் அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துக் குடுவை நிறைய ஊற்றி அரை மணி நேரம் விட்டால் பெரும்பாலும் தானே கழன்றுவிடும். மூக்குக்குப் போத்தல் கழுவும் மெல்லிய பிரஷ். சுருள்கம்பி வடிகட்டியைக் கழற்றித் தனியாக ஊற வைக்க வேண்டும். வாசனைச் சோப்பு போட்டால் மறுநாள் தேநீரில் அந்த வாசம் நிற்கிறது, எங்கள் வீட்டில் சோடா மட்டும்தான்.

பினாங்கு மதிய வெயிலுக்குச் சூடான தேநீர் எல்லா நாளும் இறங்காது. சூடாகப் போட்டதில் ஐஸ் போட்டால் தெளிவாக இருந்த தேநீர் உடனே கலங்கிப் பால்போல் ஆகிவிடுகிறது. கெட்டுப் போனதில்லை, குளிர்ந்ததும் கஃபீனும் துவர்ப்பு தரும் பாலிஃபீனால்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மிதப்பதால் வருவது. சுவை கொஞ்சம் மந்தமாகும். கடையில் தே ஓ ஐஸ் லிமாவ் (பாலில்லாமல் ஐஸும் எலுமிச்சையும் சேர்த்த தேநீர்) கேட்டுக் குடிக்கும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை, சீனியும் புளிப்பும் மறைத்துவிடும். சீனி இல்லாமல் தே ஓ கோசோங்காகக் குடித்தால் தெரியும்.

அதற்குக் குளிர்நீரிலேயே ஊறப் போடுகிறேன். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 8 கிராம் தேயிலை, ஐஸ்பெட்டியில் எட்டு மணி நேரம், பிறகு வடித்து இலையை எறிந்துவிட வேண்டும். கண்ணாடி போலத் தெளிந்து இருக்கிறது, துவர்ப்பும் குறைவு, ஏனென்றால் குளிர்நீரில் அந்தப் பொருள்கள் மெதுவாகத்தான் இறங்கும். தியேகுவான்யினும் பச்சைத் தேயிலையும் இதற்கு நன்றாக வருகின்றன. லியூபாவ் சரிப்படவில்லை, வெறும் மண் வாசம்தான் வந்தது. வடித்ததை மறுநாளுக்குள் குடித்துவிடுகிறோம். இதற்கு டீப்பாட்டும் வேண்டியதில்லை, மூடி போட்ட எந்தப் போத்தலும் போதும்.